ஏழு வீட்டுக்கும் ஒரே தோட்டம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப்பேராவது அக்கா வளர்த்த கத்திரிக்காயைச் சாப்பிட்டிருப்பீர்கள். அதனால் அக்காவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தெரியாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது சாந்தோமில். நாங்கள் நான்கு பேர். அக்கா மூத்தவர், நான் கடைசி. அப்பா இறந்தபோது அக்கா ஆசிரியர் பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்தார். எங்கள் மூவரையும் கரையேற்றியதில் தமக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள மறந்துவிட்டார் என்று உறவினர்கள் சொல்வார்கள். "மறக்கலை, நேரமில்லை" என்பார் அக்கா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றபின் மந்தைவெளியில் எங்களோடு வந்து தங்கினார். ஒரு வாரம்கூடச் சும்மா இருக்க முடியவில்லை. மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்.

முதலில் பத்துத் தொட்டிகள்தான். பிறகு கால் வைக்க இடமில்லை. கீரை, வெண்டை, கத்திரி, பந்தலில் புடலை. எங்கள் கட்டடத்தில் ஏழு வீடுகள். யாருக்கும் அக்கா காசுக்குக் கொடுத்ததில்லை. காய்கறித் தோலை வாளியில் கொண்டுவந்தால் கீரை கிடைக்கும், அதுதான் சட்டம். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், வாளியும் கையுமாக நின்று பேச ஆரம்பித்தார்கள். தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குப் போவது பாதியாகக் குறைந்தது. ஒரு பெருமழையில் நான்கு நாள் கடைகள் மூடிக் கிடந்தபோது ஏழு வீட்டிலும் குழம்பு கொதித்தது இந்த மாடியை நம்பித்தான்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் கஸ்தூரி, வீணாகும் மீன் தலையையும் குடலையும் அக்காவுக்குக் கொண்டுவந்து தருவார். பதிலுக்குக் கீரைக்கட்டுகளை எடுத்துப்போய்த் தம் கடையில் விற்பார். மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் வீட்டு அடுப்புக்கு அந்தக் கீரைதான் துணை. மீன் கழிவை வெல்லத்தோடு ஒரு நீல டிரம்மில் ஊறவைத்து உரமாக்குவார் அக்கா. வினை அங்கேதான் இருந்தது.

செல்போன் டவர் வைக்க ஒரு கம்பெனி எங்கள் மாடியை வாடகைக்குக் கேட்டது. ஏழு வீட்டாரும் கூட்டம் போட்டு ஓட்டெடுத்து முடிவு செய்வதென்று ஆனது. மூன்று வீடுகள் டவருக்கு, எங்களோடு சேர்த்து மூன்று வீடுகள் தோட்டத்துக்கு. மிச்சம் முதல் மாடி ரமணி மாமி. தினமும் அக்காவின் கீரையைச் சமைப்பவர். முட்டை வாசனைகூட ஆகாதவர். முழங்கால் வலியால் மாடிக்கு வராததால் மீன் உரம் அவருக்குத் தெரியாது.

"கூட்டம் முடிஞ்ச பிறகு சொல்லிக்கலாம்க்கா" என்றேன்.

"தெரியாம சாப்பிட்டவங்ககிட்ட ஓட்டு வேற கேக்கணுமாடா?" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

மாமி முழுவதையும் கேட்டார். "இத்தனை நாளா சொல்லலையே டீச்சர்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் அவர் வாளி வெளியே வரவில்லை. அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. தோட்டம் போவதைவிட மாமியைப் புண்படுத்தியதுதான் அவரை வாட்டியது.

கூட்டத்துக்கு மாமி கடைசியாக வந்தார். "வேற யாராவது சொல்லித் தெரிஞ்சிருந்தா டவருக்குத்தான் கை தூக்கியிருப்பேன். டீச்சர் தானா வந்து சொன்னா. எனக்குன்னு நாலு தொட்டி தனியா இருக்கணும். அதுல சாணி மட்டுந்தான் போடணும். அவ்வளவுதான்" என்றார்.

தோட்டம் பிழைத்தது. அன்று மாலையே நான்கு தொட்டிகள் மாமி பெயருக்கு ஒதுங்கின. "இன்னா மாமி, உங்க கத்திரிக்கா மட்டும் நோஞ்சானா கீது" என்று கஸ்தூரி சீண்டுவார். "இருக்கட்டும், அது ஆசாரமான கத்திரிக்கா" என்பார் மாமி.

சென்ற ஆண்டு அக்கா படுத்த படுக்கையானார். நோயின் கடுமையைக் குறைத்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், வீடு தேடி வந்து நற்கருணை வழங்கிய பங்குத்தந்தைக்கும், வழியனுப்பிவைத்த பாடகர் குழுவினருக்கும், தொட்டிகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் ஊற்றிய மற்ற ஆறு வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமிக்கு நன்றியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்கா படுத்ததிலிருந்து மீன் உர டிரம்மைப் பார்த்துக்கொண்ட கஸ்தூரி, தம் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். அக்காவின் பக்கத்திலேயே இருந்த நாங்கள் டிரம்மை அடியோடு மறந்துவிட்டோம். ஒரு மாலை மாமி ரசம் கொண்டுவந்தார். அவர் கையைப் பிடித்த அக்கா, அதை மெல்லத் தம் மூக்கருகே கொண்டுபோனார்.

"மாமி, மாடி ஏறினீங்களா?"

"கிளறிவிடலைன்னா புழு வச்சுடும்னு நீங்கதானே சொல்லியிருக்கேள். ரெண்டு தரம் சோப்புப் போட்டு அலம்பிட்டேன், இன்னும் போகலை" என்றார் மாமி.

அக்கா அந்தக் கையை விடவேயில்லை. அக்கா அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.