தூங்கி எழுந்த கை

"ராசாத்தி, இவங்க டாக்டர் தென்றல். இனிமே உன்னைப் பாத்துக்கப் போறவங்க. ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா டாக்டர்?"

"தூங்கினேன் மேடம்."

"சாப்பிட்டீங்களா?"

"இட்லி மேடம்."

"கேட்டுக்கிட்டியா?" என்று கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணிடம் திரும்புகிறார் டாக்டர் ஏஞ்சல் மேரி. "வலிச்சா இவங்ககிட்ட சொல்லு. நான் வூட்டுக்குப் போறேன்."

இரவுப் பணி முடிகிற காலை வேளையில், மகப்பேறு வார்டின் ஒவ்வொரு கட்டில் முன்னாலும் இதே கேள்வி, இதே பதில். அரியலூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனை. என் நாத்தனாரின் பிரசவத்துக்குத் துணையாகப் போய், நான்கைந்து நாள் அங்கேயே கிடந்தபோது பார்த்தது. முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் இட்லி தின்றால் என்ன, பட்டினி கிடந்தால் என்ன, கட்டிலில் கிடப்பவளுக்கு அதனால் என்ன வந்தது?

ஏஞ்சல் மேரிக்குச் சொந்த ஊர் வரதராசன்பேட்டை. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பருத்திப் புடவை, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத கேன்வாஸ் ஷூ. கைப்பையில் எப்போதும் கடலை உருண்டை. மயங்கி விழப் பார்க்கும் கணவன்மார்களுக்கு அதுதான் முதலுதவி. வார்டு வாசலில் சொந்தபந்தம் கூடிவிட்டால் குரல் தானாக உயரும். "புள்ள பெக்குறது அவ. நீங்க எல்லாரும் எதுக்கு முக்குறீங்க? போய் டீ குடிங்க." திட்டு வாங்கியவர்களே சிரித்துக்கொண்டு கலைவார்கள்.

ஒப்படைத்து முடித்தாரென்றால் அவ்வளவுதான், அப்புறம் அவரை வார்டில் பார்க்க முடியாது. இதனால் அவருக்குக் கெட்ட பெயரும் உண்டு. "தலை போற காரியமா இருந்தாலும் டைமுக்குக் கிளம்பிருவாங்க" என்றார் வாசல் காவலாளி. எனக்கோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. ஏஞ்சல் மேரியிடமே கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கடலை உருண்டை ஒன்றை எனக்கும் கொடுத்துவிட்டுச் சொன்னார். "மூணு வருஷம் முந்தி, நான் வேற ஊர் ஆஸ்பத்திரியில இருந்தேன். மாத்தி விட ஆளு இல்ல. ரெண்டு நாளா வூட்டுக்கே போகலைங்க. ஆபரேஷன்ல தையல் போட்டுக்கிட்டே தூங்கிட்டேன். நின்னபடியே. மயக்க ஊசி போடுற டாக்டரு 'மேடம்'னு கூப்பிட்டாரு, முழிச்சிட்டேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ஆயிடுச்சு."

அதன்பின் லீவு போட்டு வீட்டில் படுத்தே கிடந்திருக்கிறார். எழுந்திருக்கவே பிடிக்கவில்லையாம். "பெத்த மவ அழுதாலும் பக்கத்து வூட்டுல யாரோ அழுவுற மாதிரி இருந்துச்சு." மனநல மருத்துவரிடம் போனதையும் மாத்திரை சாப்பிட்டதையும் அவர் ஒளிப்பதில்லை. "சுகருக்குத் திங்கலையா, அது மாதிரிதாங்க."

தேறி வேலைக்குத் திரும்பியவர் தனக்கென்று இரண்டு சட்டம் போட்டுக்கொண்டார். களைத்த கையால் கத்தியைத் தொடுவதில்லை. இரவுப் பணி முடிந்து வண்டி ஓட்டுவதில்லை. வழியெல்லாம் சிமெண்ட் லாரி. கணவர் சின்னப்பராஜ் ஏலாக்குறிச்சியில் வாத்தியார். இரவுப் பணி முடியும் நாளில் பள்ளியில் சொல்லிவிட்டு, பிள்ளைகளை இறக்கிவிட்டு, பைக்கில் வந்து மனைவியைக் கூட்டிப்போவார்.

நாங்கள் வீடு திரும்ப இருந்த நாளில் முதல் சட்டத்துக்குச் சோதனை வந்தது. திருமானூர் இலக்கியா, தலைப்பிரசவம். ராத்திரி முழுவதும் வலி. ஏஞ்சல் மேரி அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. விடிந்தும் குழந்தை இறங்கவில்லை. பணி மாறுகிற நேரம் பார்த்துக் குழந்தையின் இதயத்துடிப்பு குறையத் தொடங்கியது. உடனே ஆபரேஷன் என்று இரண்டு டாக்டர்களும் முடிவு செய்தார்கள். செய்யப்போவது தென்றல் என்றதும் இலக்கியாவின் அம்மா பாப்பாயி, ஏஞ்சல் மேரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ராத்திரி பூரா நீங்கதானேம்மா பாத்தீங்க. நீங்களே பண்ணிட்டுப் போங்க. இது சின்னப் புள்ளையா இருக்கு. எனக்கு ஒத்தப் பொண்ணும்மா."

எனக்கும் ஆத்திரம் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஏஞ்சல் மேரி ஆபரேஷன் அறைக் கதவைப் பார்த்தார். அவர் கால் அந்தப் பக்கம் ஓர் எட்டு வைத்ததைப் பார்த்தேன். பிறகு நின்றார். வலது கையை விடுவித்து, பாப்பாயி முகத்துக்கு நேரே நீட்டினார். விரல்கள் நடுங்கின.

"இத பாருங்க. இந்தக் கையவா உங்க பொண்ணு வயித்துல வைக்கச் சொல்றீங்க?" தென்றலின் கையை இழுத்துப் பாப்பாயியின் கையில் வைத்தார். "இது தூங்கி எழுந்த கை. இவங்க ஆபரேஷன் பண்றத நான் கூட நின்னு பாத்திருக்கேன். எனக்குப் பிரசவம்னாலும் இவங்ககிட்டதான் பாத்துக்குவேன். விடுங்க, போகட்டும்."

வேறு வழியில்லாமல் பாப்பாயி விட்டார். இலக்கியாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே புங்க மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு. ஒரு கோடியில் ஏஞ்சல் மேரி, கணவருக்காக. மறு கோடியில் பாப்பாயி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. நடுவில் நான். ஏஞ்சல் மேரி கைப்பையை மடியில் வைத்தார், கண்ணை மூடினார், அடுத்த நிமிடம் வாய் திறந்தபடி குறட்டை. "எப்பிடித்தான் தூக்கம் வருதோ" என்று முணுமுணுத்தார் பாப்பாயி. கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நர்ஸ் வெளியே வந்தார். "இலக்கியா கூட வந்தவங்க யாருங்க? பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க."

பாப்பாயி விழுந்தடித்து ஓடினார். பேத்தியைப் பார்த்துவிட்டு, கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். அதற்குள் நிழல் நகர்ந்து, ஏஞ்சல் மேரியின் முகத்தில் வெயில் விழுந்திருந்தது. சின்னப்பராஜ் பைக்கை நிறுத்திவிட்டு, "ஏஞ்சலு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

பாப்பாயி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "கத்தாதீங்க சார். செத்த நேரம் தூங்கட்டும்."

பிறகு வெயில் வருகிற பக்கமாகப் போய், முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, டாக்டரின் முகத்துக்கு நிழலாக நின்றார்.