தகரக் கொட்டகையில் ஒரு சார்ஜிங் பாயிண்ட்

மின்சார ஸ்கூட்டர்கள் எங்கள் பக்கம் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனை ஒட்டிய வண்டி ஸ்டாண்டில் அப்படி ஒன்றே ஒன்று நிற்கும். பின்னால் இரண்டு சின்னச் சக்கரங்கள் கூடுதலாகப் பொருத்தியிருப்பார்கள். போலியோவில் ஒரு கால் மெலிந்த பெண் கிராமத்திலிருந்து அதில் வந்து, ஸ்டாண்டில் விட்டுவிட்டு அத்திப்பட்டுக்கு வேலைக்கு ரயிலேறுவாள். ஒருநாள் திரும்பும் வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. தள்ளவும் முடியாமல், யாராவது வரும்வரை வயலோரம் உட்கார்ந்திருந்தாளாம். மறுநாளே ஸ்டாண்டுக்காரரிடம், இங்கேயே சார்ஜ் போட வழி செய்யுங்கள் என்று கேட்டுவிட்டாள்.

ஸ்டாண்டுக்காரர் பழவேற்காட்டு பாய். சிப்காட்டில் நான் வயரிங் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும்.

"ஊட்டுக்கே கரண்ட் நிக்கல, வண்டிக்கு கரண்டாம். இன்னாமா சொல்ற, செய்லாமா?"

"செய்யலாம் பாய். ஆனா ஒழுங்கா எர்த் போட்டுத்தான் செய்வேன்."

எனக்கு வேலை இல்லாத நாளில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் கம்பி இறக்கினேன். கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் பிரேக்கர் ஒன்றை மெயினில் வைத்தேன். வேலை முடிந்த காலையில் தரையெல்லாம் மழை ஈரம். அந்தப் பெண் ஒரு ரயிலைக்கூட விட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவளே சார்ஜரைச் செருகினாள். நான் மெயினைப் போட்டதும் பிரேக்கர் பட்டென்று விழுந்து கரண்டை அணைத்தது.

"பாத்தியா, வண்டில கோளாறு! வாணாம்மா, யாரையாவது புடிச்சுதுன்னா பேஜாரா பூடும்" என்றார் பாய்.

அவள் வயரைச் சுருட்டத் தொடங்கினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சார்ஜர் இல்லாமலே மறுபடி மெயினைப் போட்டேன். அப்போதும் விழுந்தது.

"உங்க வண்டி மேல தப்பில்லக்கா!" என்று கத்தியேவிட்டேன்.

மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறிப் பார்த்தேன். டியூப்லைட்டுக்குப் போகும் பழைய வயர் கூரைத் தகரத்துக்கடியில் நசுங்கி, தோல் உரிந்து கிடந்தது. கொட்டகை முழுக்கக் கரண்ட் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. இரும்புத் தூணில் சாய்ந்திருந்த பாய் சட்டென்று விலகினார்.

"மழ பெஞ்சா இந்தத் தூணு சுருக்குங்கும்மா. ஈரந்தான்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

புது வயரைக் குழாய்க்குள் விட்டு இழுத்தேன். இந்த முறை பிரேக்கர் விழாமல் நின்றது. சார்ஜரை மறுபடி செருகியதும் அதில் சிவப்பு விளக்கு எரிந்து, சார்ஜ் ஏறத் தொடங்கியது. பாய் அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ கேக்காம இருந்திருந்தா என்னிக்காவது யாரையாவது தூக்கியிருக்கும். அல்லாதான் உன்ன அனுப்பிக்கிறான்" என்றார்.

சாயங்காலம் அவள் ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது, சார்ஜ் நிறைந்து சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னைப் பஸ் ஸ்டாப்பில் விடுகிறேன் என்று அடம்பிடித்தாள். ஏறி உட்கார்ந்தேன். சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்தது.

"பயமா இருந்தா தோள புடிச்சிக்கோ" என்று சொல்லி, ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினாள்.