பாடங்களுக்கு ஒரு சொந்த இடம்

என் மனைவி மறைந்து சில மாதங்கள் கழித்து அவளுடைய மின்னஞ்சலுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அவள் தன் கணிதப் பாடங்களைக் காணொளிகளாக ஏற்றி வைத்திருந்த இணையதளம் மூடப்படுகிறது. வேண்டியவர்கள் குறிப்பிட்ட நாளின் மாலைக்குள் தங்கள் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். நாட்காட்டியைப் பார்த்தேன். அது விஜயதசமி. அறிவிப்பு அவளைப் பெயர் சொல்லி அழைத்து, இத்தனை காலம் உடனிருந்ததற்கு நன்றியும் கூறியிருந்தது.

அவள் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தவள். ஊரடங்கில் பள்ளி மூடிக் கிடந்தபோது, சமையல் மேடையில் கைப்பேசியை ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினாள். ஓய்வு பெற்ற பின்னும் நிறுத்தவில்லை. கைப்பேசியில் இடம் போதாது என்பதால், ஒரு பாடம் தளத்தில் ஏறியதும் அதைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுவாள். வேறெங்கும் பிரதி இல்லை. தளம் மூடினால் பாடங்கள் இல்லை. அவளுடைய குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை என்பதையும் அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் தொலைபேசியில் சொன்னான்:

“எதுக்குப்பா மெனக்கெடுறீங்க? வேற கம்பெனில எடம் வாடகைக்கு எடுத்துப் போட்டுரலாம்.”

“அவனும் ஒரு நாள் காலி பண்ணச் சொல்லுவான்.”

“அதுக்கு என்ன செய்யணுங்கிறீங்க?”

“வீட்டிலேயே ஒரு சர்வர் வைக்கப்போறேன்.”

அவன் சிரித்துவிட்டான். “யாரு, நீங்களா? மிக்ஸில பியூஸ் போனா அம்மாதானப்பா மாட்டுவாங்க!”

அது உண்மை. நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன். கணினியில் கணக்கிட்டிருக்கிறேன், அதன் மூடியைக் கழற்றியதில்லை. எனினும் அந்தச் சிரிப்பு எனக்கு நன்மையே செய்தது.

பரணில் கிடந்த பழைய கணினியை இறக்கித் தூசு தட்டினேன். பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் ஒரே அளவில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் வாங்கினேன். ஒன்றில் எழுதுவது அதே கணத்தில் மற்றொன்றிலும் எழுதப்பட வேண்டும். ஒன்று பழுதானாலும் மற்றது நிற்க வேண்டும். அதற்கான இயங்குதளம் இலவசமாகவே கிடைக்கிறது. கையேட்டைப் பாடநூல் போலப் படித்தேன். முதலில், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் வீட்டு வைஃபை அந்தக் கணினிக்கு வெவ்வேறு முகவரியைக் கொடுத்தது. என் கைப்பேசி அதைத் தேடித் தோற்றது. நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கியபின் அது சரியாயிற்று. இன்வெர்ட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்தேன். எங்கள் ஊர் வெயிலை எண்ணி, அவளுடைய அறையில் வடக்குச் சன்னலோரம் வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தபோது, ஆய்வேடு ஏற்கப்பட்ட நாளில்கூட இல்லாத ஒரு நிமிர்வு என் முதுகுக்கு வந்தது.

தளத்திலிருந்து பாடங்கள் இறங்கத் தொடங்கின. கடைசி நாட்கள் என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள் போலும்; மிக மெதுவாகவே வந்தன. இயந்திரம் இரவும் பகலும் ஓடியது. ஆயுதபூஜை நாளன்று பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள் மட்டும் மிச்சமிருந்தன.

வருஷம் திரும்பாததால் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. காலையில் பல்வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பச்சை விளக்கு அணைந்திருந்தது. கணினியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே ஒரு முழம் கதம்பம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சுண்டல். பிளக் பிடுங்கி, ஒயர் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

செய்தவள் என் மனைவியின் தங்கை. அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். வீட்டுச் சாவி ஒன்று அவளிடமும் உண்டு. அடுக்களையிலிருந்து வந்தாள்.

“வாங்க மச்சான். ஒங்களுக்குத்தான் பண்டிகை இல்ல, நான் வேற வீட்டுக்கு வாக்கப்பட்டவ. எனக்கென்ன? அக்கா பாடம் இருக்கிற மிஷினு, பொட்டில்லாம மூளியா நிக்கலாமா?”

நான் மாத்திரையை மேசையில் வைத்தேன்.

“எங்க கடை மிஷின் அம்புட்டுக்கும் இன்னிக்கு லீவு. இது மட்டும் ராப்பகலா மாடு மாதிரி ஓடுது. ஒரு நாளாச்சும் ஓய்வு குடுக்க வேணாமா? அதான் பிடுங்கிட்டேன்.”

“பாடங்கள் இன்னும் முழுசா வரலைம்மா,” என்றேன். “நாளைக்குச் சாயங்காலம் அந்தத் தளத்தை மூடிருவாங்க.”

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “போயிருச்சா மச்சான்?”

“தெரியலை. ஓட விட்டால்தான் தெரியும்.”

அங்கேதான் சிக்கல். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடுவதில்லை. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை; ஆனால் அவள் தன் அக்காவுக்கென்று வைத்த பூவை என் கையால் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாளை காலை வரை காத்திருந்தால் நேரம் போதாது. இருவரும் நின்றோம்.

அவளே முடிவெடுத்தாள். “மறுபூஜைய இப்பவே பண்ணிருவோம். சரஸ்வதியக் கூடச் சமாளிச்சிரலாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை வார நேரத்துல பாடம் போச்சுன்னா, எங்கக்காவச் சமாளிக்க முடியுமா?” சூடம் கொளுத்தினாள். கதம்பத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். “ம், மாட்டுங்க மச்சான். செத்த நேரந்தான ஓய்வு எடுத்துச்சு, போதும்.”

பிளக்கை மாட்டினேன். விளக்கு முதலில் சிவப்பாக எரிந்தது. அவள் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே பார்த்திருந்தாள். இயந்திரம் தானாகவே இரண்டு டிஸ்க்குகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டது. பாதியில் அறுந்த கோப்பை மட்டும் தனியே ஒதுக்கியது. மற்றவை முழுமையாக இருப்பதாகத் திரையில் அறிவித்தது. பிறகு பச்சை. அறுந்த பாடம் முதலிலிருந்து இறங்கத் தொடங்கியது. அந்த ஏற்பாடு நான் செய்தது. ஒவ்வொரு வரியும் நான் தட்டச்சு செய்தது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் கடைசிப் பாடமும் வந்து சேர்ந்தது. மாலையில் தளத்தைத் திறந்து பார்த்தேன். அந்தப் பக்கம் இனி இல்லை என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது. மகனுக்கு அதைப் படம் பிடித்து அனுப்பினேன். “பிரமாதம்பா” என்று எழுதினான். சற்று நேரம் கழித்து, “அம்மா இருந்தா நம்பியிருக்க மாட்டாங்க” என்றும் எழுதினான்.

கூடத்துத் தொலைக்காட்சியில் ஒரு பாடத்தை ஓட விட்டேன். நிகழ்தகவு. என் துறை, என்னைவிட அவள் தெளிவாகச் சொன்னாள். ஒரு பையில் உள்ள பந்துகளைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டு, எதிரே பிள்ளைகள் அமர்ந்திருப்பதைப்போல விடைக்காகக் காத்திருந்தாள். காணொளிக்குள் குக்கர் விசில் அடித்தது. அவள் திரும்பவில்லை.

“பாதிக்குப் பாதி!” என்று பக்கத்தில் அமர்ந்திருந்த தங்கை தொலைக்காட்சியைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

“சரியாச் சொன்னீங்க,” என்றாள் என் மனைவி.

விடை தவறு. நான் திருத்தவில்லை.