மேட்டில் நின்ற சாம்பியன்

லியோகாடியா என்ற முழுப் பெயரை சவுத் பெண்ட் நகரத்தின் மேற்குப்புறத்தில் ஒரே ஒருவர்தான் சொன்னார். ஞானஸ்நானம் கொடுத்த சாமியார். அவரும் ஒரே தடவைதான். மற்ற எல்லோருக்கும் அவள் லோஜா. குட்டை உருவம், தடித்த விரல்கள், பிடித்தால் உடும்புப் பிடி. “இவளைக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் எந்தத் தெரு வழியாகப் போவது என்று இவள்தான் சொல்வாள்” என்பாராம் போலந்திலிருந்து கப்பலேறி வந்த அவள் அப்பா.

ஊரே ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனியின் உப்பைத் தின்று வளர்ந்த ஊர். கொல்லுப் பட்டறை வைத்திருந்த அண்ணன் தம்பிகள் நூறு வருடத்துக்கு முன்னால் குதிரை வண்டி செய்யத் தொடங்கினார்கள். மேற்கே குடியேறப் போனவர்கள் அந்த வண்டியில்தான் போனார்கள். அப்புறம் குதிரை போய் மோட்டார் வந்தது. தொழிற்சாலைச் சங்கு ஊதினால்தான் மேற்குப்புறத்தில் அடுப்பு எரியும், குழந்தைகள் எழுந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வேறு கம்பெனிக் காரில் வருபவர்கள் கோவிலின் பின்பக்கம், குப்பைத் தொட்டிக்கு அருகே நிறுத்துவார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. அவர்களுக்கே வெட்கமாக இருக்கும்.

லோஜா சட்டை தைக்கும் ஆலையில் தொடங்கி, யுத்தத்தின்போது ஸ்டூடிபேக்கருக்கு வந்து, கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பிரிவிலேயே தங்கிவிட்டாள். அவள் கணவன் காஷிக் ஒசோவ்ஸ்கி அதே தொழிற்சாலையில் பிரேக் மாட்டும் வரிசையில் இருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருடம் இருவரும் சேர்ந்து சாம்பியன் என்ற ஸ்டூடிபேக்கர் கார் ஒன்று வாங்கினார்கள். பச்சை நிறம், முன்பக்கம் விமான மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும், பின்பக்கமும் ஏறக்குறைய அதே நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்கைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை. “காஷிக், உன் கார் வருதா, போகுதா?” என்று எதிர்வீட்டு ஹங்கேரிக்காரி இல்கா தினமும் கேட்பாள். “உன்ன விட்டு ஓடுது” என்பான் அவன். தான் உட்கார்ந்திருக்கும் இருக்கையின் உறை தன் கைத் தையல்தான் என்று லோஜா சத்தியம் பண்ணுவாள். யாரால் மறுக்க முடியும்? கோடைக்காலத்தில் அந்தக் காரில்தான் ஏரிக்கரைக்குப் போவார்கள். அவன் ஓட்டுவான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேகம் சொல்லித் திட்டுவாள்.

அறுபத்துமூன்றாம் வருடம், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில், தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இருவருக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. காஷிக் நம்பியிருந்த ஓய்வூதியமும் கூடவே போயிற்று. கிறிஸ்துமஸ் முந்தின இரவு, வீட்டில் அப்பத்தைப் பிட்டு ஒருவரை ஒருவர் மன்னிக்கும் வேளை. காஷிக் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

“எல்லாரையும் மன்னிச்சேன். அந்தக் காரை மட்டும் மன்னிக்கல. இனிமே அதுமேல என் கை படாது. சத்தியம்.”

“கார் என்னய்யா பண்ணுச்சு?”

“அதோட மூஞ்சிய பாத்தா எனக்கு வயிறு எரியுது.”

காரைக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடினான். வேறு கார் வாங்கவும் வழியில்லை. தானும் படுக்க மாட்டான், தள்ளியும் படுக்க மாட்டான் என்பது போல சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பத்தேழு வயது ஆளுக்கு வேலை கொடுப்பார் யாருமில்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. அதனால் அவன் பேச்சும் குறைந்தது.

லோஜாவுக்கு உட்கார்ந்திருக்கத் தெரியாது. எல்கார்ட் என்ற பக்கத்து ஊரில், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடுகளுக்கு மெத்தை உறை தைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். அங்கே மேற்பார்வைக்கு இருந்தவள் பழைய தையல் பிரிவுத் தோழி. “உனக்கு இடம் வெச்சிருக்கேன், லோஜா. ஆனா ஈஸ்டர் முடிஞ்சு எட்டாம் நாள், திங்கக்கெழம, நீ மெஷின் முன்னாடி உக்காந்திருக்கணும். அதுக்கு மேல என்னால புடிச்சு வைக்க முடியாது” என்றாள். பஸ் கிடையாது. மேற்குப்புறத்திலிருந்து அங்கே போகும் ஒரே காரில் ஏற்கெனவே ஆறு பேர் ஒருவர் மடியில் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து தார்ப்பாயை உருவினாள்.

“என்ன பண்ற?” என்றான் காஷிக், சமையலறை வாசலில் நின்றபடி.

“ஓட்டக் கத்துக்கப் போறேன்.”

“நாப்பத்தொம்பது வயசுலயா? வேணாம். தொடாத அத!”

“தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணது நீ. நான் பண்ணல.”

அவன் வாயைத் திறந்தான், மூடினான். காரைத் தொடாமல் அவளைத் தடுக்க வழியில்லை. சத்தியம் பண்ணுகிற ஆண்கள் எப்போதுமே ஒரு ஜன்னலை மூட மறந்துவிடுவார்கள்.

சொல்லிக் கொடுக்க இல்கா வந்தாள். அவளிடம் லைசென்ஸும் வேறு கம்பெனிக் காரும் இருந்தன. லோஜாவோ சாம்பியனில்தான் கற்றுக்கொள்வேன் என்று நின்றாள். தொழிற்சாலை ஆட்களின் கார்கள் நெருக்கியடித்து நின்ற மைதானம் இப்போது வெறிச்சோடிக் கிடந்தது. அங்கேதான் பாடம். கியர் கரகரவென்று கத்தியது. இல்கா அதைவிடப் பலமாகக் கத்தினாள்.

“கிளட்ச்சு! கிளட்ச்ச மிதிடி! மாவா பெசையற?”

“நீ வாய மூடு, அதுவா சரியாப் போகும்.”

ஒரு வாரத்தில் தெருவுக்கு வந்தாள். ரயில் பாலத்தின் அடியில் சாலை இறங்கி, மறுபக்கம் செங்குத்தாக ஏறும். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தச் சொல்லும் பலகை. அங்கே லோஜா கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து நிறுத்துவாள். பிறகு கிளட்சை மட்டும் மிதித்தபடி பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, சாவகாசமாக இரண்டு பக்கமும் பார்த்து, கிளம்புவாள். கார் ஒரு விரற்கடை பின்னால் நகராது. அந்த மேடு வந்தாலே இல்கா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டுவாள். அதனால் அவள் எதையும் கவனிக்கவில்லை. லோஜாவுக்கோ வேறு காரே தெரியாது. உலகத்தில் எல்லாக் காரும் இப்படித்தான் நிற்கும் என்று நினைத்திருந்தாள்.

ஈஸ்டருக்கு மறுநாள் போலந்து வழக்கப்படி ஊரெல்லாம் தண்ணீர் தெளித்து விளையாடி, பொரித்த சாஸேஜ் தின்று ஓய்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை லைசென்ஸ் பரீட்சை. சாம்பியனின் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. பத்துத் தடவை. காஷிக் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் கார எடு, நேரமாச்சு” என்றாள் இல்கா.

பரீட்சை வாங்கும் அதிகாரி ஒல்லியான மனிதர், தொப்பியும் இருமலுமாக இருந்தார். இல்காவை ஆபீஸிலேயே உட்காரச் சொல்லிவிட்டு லோஜாவின் பக்கத்தில் ஏறினார். வளைவெல்லாம் நன்றாகவே போயிற்று. பாலத்தடியிலிருந்து ஏறி, பலகையில் நிறுத்தினாள். வழக்கம்போல் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு ராணி மாதிரி இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கார் பின்னால் போயிற்று. அவள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதிகாரி “அம்மா! அம்மா!” என்று அலறியதும் பின்னால் நின்ற ரொட்டி வேனில் ‘டங்’ என்று மோதியதும் ஒரே நேரம். வேன்காரன் இறங்கி வந்து, போலந்து பாஷையில் அவள் பரம்பரையை விசாரித்தான்.

“கார நிறுத்தத் தெரியலயே உங்களுக்கு” என்றார் அதிகாரி, தொப்பியைத் தேடியபடி.

“நிறுத்தினேனே! அதுதான் நிக்கல!”

“வெள்ளிக்கெழம வேணா வாங்க.”

வீடு திரும்பும்போது இல்கா ஓட்டினாள், லோஜா அழுதாள். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். ஸ்டூடிபேக்கர் ஊரில் பிறந்தவளுக்கு, மேட்டில் ஒரு கார் அவளை ஏமாற்றிவிட்டதே என்ற ஆத்திரம்.

சமையலறையில் இல்காதான் கதையைச் சொன்னாள். “மேட்டுல நிறுத்திட்டு பிரேக்குல இருந்து கால எடுத்துட்டாளாம் காஷிக்! எந்தப் பைத்தியமாவது அப்படி எடுக்குமா?”

காஷிக் சிரித்தான். டிசம்பருக்குப் பிறகு முதல் தடவை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

“எடுப்பா. ஏன் எடுக்கமாட்டா? அவ காரு நிக்கும். உன் டப்பா நிக்குமா? கிளட்ச்ச மிதிச்சிருக்கிற வரைக்கும் பிரேக்க விடாம புடிச்சு வைக்கிற சாமான் அதுல இருக்கு. உள்ள ஒரு சின்னக் குண்டு. கார் மேல் பாத்து நின்னா குண்டு பின்னாடி உருண்டு பிரேக் எண்ணெ திரும்பற வழிய அடைச்சிடும். நான்தான் மாட்டினேன். வரிசையில வர்ற ஒவ்வொரு காருக்கும் இந்தக் கையாலதான்...”

பாதியில் நிறுத்தினான். முகம் பழையபடி இறுகியது. “மாட்டி என்ன? அதுக்கு என்ன மரியாத கெடச்சுது?”

லோஜா கண்ணைத் துடைத்தாள். “காலைல கார் ஏன் கெளம்பல?”

அவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கழுவப் போனான்.

“நேத்து வரைக்கும் ஓடின காரு. காஷிக், என்னப் பாரு.”

அவன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டு. இஞ்சினுக்குப் பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் ரோட்டர். அது இல்லாமல் எந்தக் காரும் கிளம்பாது. இல்கா சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

“பானட்டத் தொறந்தியா?” என்றாள் லோஜா மெதுவாக.

“நீ அந்தக் காரோட ஊரச் சுத்தறத எல்லாரும் பாக்கறாங்க. வேல போன காஷிக்கோட பொண்டாட்டி, செத்துப்போன காரு. சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும். பதினாலு வருஷமா அது மூக்கப் பாத்துச் சிரிச்சுக்கிட்டுதானே இருக்காங்க? மரியாதைய நெனச்சு உக்காந்திருந்தா ரொட்டி தானா வருமா? சரி, அத விடு. தொடமாட்டேன்னு அப்பத்தக் கையில வெச்சு சத்தியம் பண்ணவன் நீ. என்னக் கவுக்கறதுக்கு மட்டும் தொடுவியா?”

அவன் தலை குனிந்தது.

“சத்தியம் ஒடஞ்சாச்சு. பாதி ஒடச்சத முழுசா ஒடச்சிடு. இன்னொண்ணு சொல்றேன் கேளு. போன வாரம் மேட்டுல சாம்பியன்கூட லேசா நழுவுச்சு.”

காஷிக் சட்டென்று நிமிர்ந்தான். “நழுவுச்சா? எவ்ளோ?”

“கொஞ்சம்” என்று கூசாமல் புளுகினாள்.

“குளிர்ல கெடந்துச்சில்ல. கிளட்ச் கம்பி தளர்ந்திருக்கும். கால் சுத்து இறுக்கினாப் போதும்.”

“அப்ப இறுக்கு.”

அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். இறுக்குகிறேன் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. புதனும் போயிற்று, வியாழனும் போயிற்று. லோஜா மறுபடி கேட்கவில்லை. கெஞ்சினால் அவன் இன்னும் முறுக்கிக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மேஜையில் தட்டு வைக்கும்போதெல்லாம் அந்த ரோட்டருக்கு இடம் விட்டே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்குப் போய்த் திரும்பினாள். மேஜைமேல் ரோட்டர் இல்லை. கை கழுவப் போனால் வெள்ளைச் சோப்பு முழுக்க கறுப்புக் கறை. துவாலையும் அப்படியே. வேறு நாளாக இருந்தால் அந்தத் துவாலைக்காக அவனை வீட்டைச் சுற்றி விரட்டியிருப்பாள். அன்று அதை மடித்து ஓரமாக வைத்தாள்.

சாவியைத் திருப்பியதும் சாம்பியன் பிடித்துக்கொண்டது. இல்கா ஜெபமாலையோடு ஏறினாள். காஷிக் படுக்கையறையில் இருந்தான், வெளியே வரவில்லை.

இல்கா மறுபடி ஆபீஸில் தங்கினாள். அதே அதிகாரி, அதே இருமல். கார் மூக்கைப் பார்த்துவிட்டு, “இன்னுமா இத ஓட்டறீங்க?” என்றார். இந்த முறை ஏறியதுமே இரண்டு கைகளாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். பாலத்தடியிலிருந்து ஏறினாள். பலகை. கிளட்ச், பிரேக். கார் நின்றது.

பயம் இருந்தது. சோப்பில் இருந்த கறையை நினைத்துக்கொண்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

“அம்மா, கால்! பிரேக்குல கால வைங்க!”

“வேணாங்க” என்றாள் லோஜா. “என் வீட்டுக்காரர் புடிச்சிருக்காரு.”

அதிகாரி பின்கண்ணாடியைப் பார்த்தார். அவளுடைய காலைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். கார் நின்ற இடத்தில் நின்றது. லோஜா இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், வேண்டுமென்றே இன்னொரு தடவை இடது பக்கமும் பார்த்தாள். “போதும்மா, போங்க” என்று அவர் சொன்ன பிறகுதான் கிளட்சை விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது காஷிக் சமையலறையில் வேறு துவாலையால் கை துடைத்துக்கொண்டிருந்தான். லைசென்ஸ் கிடைத்ததா என்று அவன் கேட்கவில்லை.

“நின்னுச்சா?” என்றான்.

“நின்னுச்சு.”

“நழுவலயே?”

“ஒரு நூல் நகரல.”

அவன் தலையை ஆட்டிவிட்டு, அடுப்பிலிருந்த முட்டைக்கோஸ் பாத்திரத்தை எடுத்து அவள் தட்டில் முதலில் போட்டான். திங்கட்கிழமை அவள் எல்கார்டுக்குக் கிளம்பியபோது, கார் கொட்டகைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான்.