நோன்பு மாதத்தில் ஏறிய எடை

அந்த வருடக் குளிருக்கு முதன்முதலாகக் காலுறை போட்ட நாள். மாலையில் அதைக் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளம் பதிந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பிள்ளை பெற்ற உடம்பு, இன்னும் நீர் வடியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனேன்.

கம்பம் ஊரில் மூட்டை தூக்கிய அத்தாவின் (அப்பாவின்) நான்கு பெண்களில் மூத்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். நியூஜெர்சியில் மென்பொருள் சோதிக்கும் வேலைக்கு வந்த பிறகும் தொலைபேசியில் கேட்டார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றும் உண்டு.

அது 2005. மகள் சாரா ஆகஸ்டில் பிறந்தாள். அக்டோபரில் நான் வேலைக்குத் திரும்பினேன். நோன்பும் அந்த மாதமே வந்தது.

பால் கொடுக்கும் தாய்க்கு நோன்பில் விலக்கு உண்டு. ஆனால் விட்ட நோன்பைப் பின்னால் தனியாகப் பிடித்துத் தீர்க்க வேண்டும். டேகேருக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஓடுகிற பெண்ணுக்கு அது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத் தெரியும். அக்டோபர் பகல் குறுகியது. கணவர் காதரும் நோன்பு. சேர்ந்தே பிடித்துவிடலாம் என்று தொடங்கினேன்.

வறட்டு இருமல் வந்தது. நாங்கள் இருந்த பிளெய்ன்ஸ்பரோவில் இலை பழுக்கும் காலத்தில் யாருக்குத்தான் இருமல் இல்லை? மஞ்சள் பால் குடித்தேன். ஆவி பிடித்தேன். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். படுத்தால் இருமல் கூடியதால் ஒரு தலையணை இரண்டாகி, பிறகு மூன்றாகியது. பால் வற்றிவிடக் கூடாதென்று சஹர் நேரத்தில் (விடியலுக்கு முன் உண்ணும் வேளை) சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். சோற்றுக்கு ஊறுகாய், நோன்பு திறக்கக் கஞ்சி. இத்தனை உப்பும் தண்ணீரும் உடம்பில் எங்கே போகின்றன என்று நான் யோசிக்கவில்லை.

களைப்புக்கு நோன்பு காரணம். இருமலுக்குக் குளிர். தூக்கம் கெடுவதற்குக் குழந்தை. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

எங்கள் குடியிருப்பிலேயே இருந்த சபுரா அக்கா வீட்டில் ஒரு சனிக்கிழமை நோன்பு திறக்கக் கூடியிருந்தோம். கஞ்சியை ஊற்றிக்கொண்டே அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏண்டி நஸீமா, நோன்பு வச்சு நாங்கெல்லாம் வத்தலாப் போறோம், நீ மட்டும் பூரி மாதிரி உப்புறியே? சஹருக்கு ஒளிச்சு வச்சு பிரியாணி தின்கிறியா?"

"எனக்குத் தெரியாம தின்றாக்கா. எனக்கு வெறும் சோறும் தயிரும்தான்" என்றார் காதர்.

"நீங்க சமைச்சாத்தானே பிரியாணி வரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் மூச்சு திரும்பி வரச் சற்று நேரமாயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் சாராவுக்குத் தடுப்பூசி. கார் நிறுத்திய இடத்திலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவர் அறைக்கு வந்து சேர்ந்தேன். குழந்தை மருத்துவர் அவளைச் சோதித்து முடிக்கும்வரை எனக்கு இரைப்பு அடங்கவில்லை. அவர் காதுக்குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள். நீங்கள்தான் நன்றாக இல்லை. எடை கூடியிருக்கிறதா?"

"கொஞ்சம். நோன்பு வைத்திருக்கிறேன். அந்தக் களைப்புதான்."

"பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து எப்படி எடை கூடுகிறது?"

நான் குனிந்து என் கணுக்காலைப் பார்த்தேன். அவரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, என்னைக் கார் ஓட்ட வேண்டாம் என்றார்.

மார்புப் படத்தில் நுரையீரலில் நீர் தெரிந்தது. பிறகு எக்கோ எடுத்தார்கள் (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை). பிரசவகால இதயத் தசை நலிவு என்றார் இதய மருத்துவர். பிள்ளைப்பேற்றை ஒட்டிய மாதங்களில் அரிதாகச் சில பெண்களுக்கு இதயத் தசை தளர்ந்து, இரத்தத்தைத் தள்ளும் வலுவை இழக்கிறது. தள்ள முடியாத நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறது. ஏறியது சதை அல்ல, தண்ணீர்.

எனக்குத் தந்த மருந்துகளோடு பால் கொடுக்க வேண்டாம் என்றார்கள். மார்பு கனத்து வலிக்க நான் கட்டிலில் கிடந்தேன். எதிர் நாற்காலியில் காதர் சாராவுக்குப் புட்டிப்பால் கொடுத்தார். அவள் முகத்தைத் திருப்பித் திருப்பி அழுதாள். பிறகு குடித்தாள். அவள் அழுததைவிடக் குடித்ததைப் பார்ப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "இன்னொரு குழந்தை?"

"இப்போது கூடவே கூடாது. இதயம் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பினால் பேசுவோம். ஒரு வருடம் பொறுங்கள்."

நான்கு பெண்களாக ஒரே பாயில் உறங்கி வளர்ந்தவள் நான். மாமன் பிள்ளை, சித்தி பிள்ளை என்று யாருமில்லாத இந்த நாட்டில் சாராவுக்கு ஒரு தங்கை வேண்டும் என்பது அவள் பிறப்பதற்கு முன்பே நான் எடுத்த முடிவு. அந்த ஒரு வருடத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல வாழ்ந்தேன். காலையில் எழுந்ததும் எடை பார்த்தேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. உட்கார்ந்து காய் நறுக்கினேன். சபுரா அக்கா எனக்கென்று உப்பில்லாத கஞ்சி தனியாகக் காய்ச்சி அனுப்பினார். காதர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நஸி, இத நீ குடிக்கிறதுக்கே தனியா நன்மை எழுதணும்" என்றார்.

மறு இலையுதிர் காலத்தில் எக்கோ எடுத்தார்கள். மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பினார். இதயம் நன்றாகத் தேறியிருந்தது. முழுதாகத் தேறவில்லை.

"நீங்கள் வேலை செய்யலாம், நடக்கலாம், மகளை வளர்க்கலாம். ஆனால் இன்னொரு கர்ப்பத்தைத் தாங்கச் சொல்லி இந்த இதயத்திடம் நான் கேட்க மாட்டேன்" என்றார்.

காரில் ஏறிய பிறகும் காதர் வண்டியைக் கிளப்பவில்லை.

"நமக்கு சாரா போதும் நஸி."

"அப்படிச் சொல்லாதீங்க. அவ போதும்ங்கிறது வேற. இன்னொண்ணு வராதுங்கிறது வேற."

அவர் தலையாட்டினார். அதன் பிறகு அவர் 'போதும்' என்ற சொல்லைச் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "அமெரிக்காவுல இல்லாத மருந்தாடி?" என்று கேட்டார். இதற்கு இங்கேயும் மருந்து இல்லை அம்மா என்று சொல்லத்தான் நான் அவ்வளவு படித்தேன் போலும்.

இதைப் படிக்கும் இளம் தாய்மார்களுக்கு: குளிர் தொடங்கும்போது கைக்கும் உதட்டுக்கும் தைலம் தடவுகிறோம், பிள்ளைக்குக் குல்லா தேடுகிறோம். அதோடு உங்கள் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். குழி நிற்கிறதா? படுத்தால் இருமல் கூடுகிறதா, தலையணை கூடிக்கொண்டே போகிறதா? சாப்பாடு குறைந்தும் எடை கூடுகிறதா? மஞ்சள் பாலைக் குடியுங்கள். குடித்துவிட்டு மருத்துவரிடமும் போங்கள். களைப்புக்கு நீங்களே காரணம் சொல்லிக்கொள்ளாதீர்கள். நம்மைப் போல ஓடுகிறவர்களிடம் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை.

இப்போது 2008. இந்த உடம்பு எனக்கு வாடகைக்கு வந்த வீடு மாதிரி இருக்கிறது. ஆணி அடிக்கும் முன் யோசிக்கிறேன். முன்பெல்லாம் அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று பேசுவேன். இப்போது காலை எடை சரியாக இருந்தால் அன்று மாலைவரை திட்டமிடுகிறேன்.

சென்ற வாரம் சாராவுடன் குடியிருப்பின் ஏரிக்கரையில் நடந்தேன். அவளுக்கு மூன்று வயது. டேகேர்த் தோழி ஒருத்திக்குத் தம்பி பிறந்திருக்கிறானாம். நம் பாப்பா எப்போது வரும் என்று நடந்துகொண்டே ஆங்கிலத்தில் கேட்டாள், "வென் இஸ் அவர் பேபி கமிங், அம்மா?"

"நமக்கு வராது கண்ணு."

"ஓகே" என்றாள். குனிந்து ஒரு சிவப்பு இலையை எடுத்தாள்.

வழியில் ஒரு பெஞ்சு வந்தது. நான் சொல்லாமலே அவள் அதில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். நடை என்றால் சற்று நடந்து, உட்கார்ந்து, பிறகு நடப்பதுதான் என்று அவள் நினைத்திருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் எங்களைக் கடந்து ஓடினார்கள். அவள் இலையைப் பிய்த்துக்கொண்டு, என் மூச்சு அடங்கி நான் எழும்வரை, எழாமல் உட்கார்ந்திருந்தாள்.