ஆடிக் காற்றில் ஒரு தேர்வு

நடிக்க வருகிறவன் போட வேண்டிய முதல் வேடம் மேடையில் அல்ல, வீட்டில். உருப்பட்டுவிடுவான் என்று அப்பாவை நம்பவைக்கிற வேடம். வீட்டில் ஒன்றைப் படிக்கச் சொல்ல, வேறொன்றைப் படித்துவிட்டு வந்து நின்ற என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்களுக்குத் தேனி கடைவீதியில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரம். எண்பதுகளின் தொடக்கத்தில் பி.காம். முடித்த கையோடு, பல்கலைக்கழக நாடகத் துறையில் சேரப்போகிறேன் என்றேன். அப்பா சண்டை போடவில்லை. வியாபாரி அல்லவா, பேரம் பேசினார்.

"படிச்சு முடிச்சு நம்ம ஊருல ஒரு நாடகம் போடு. சனம் எந்திரிக்காம கடைசி வரைக்கும் பாத்தா நீ நடிகன். எந்திரிச்சுருச்சுன்னா மறுநாக் காலையில கடையில வந்து உக்காரணும்."

நாடகத் துறையிலும் கடைசித் தேர்வு அதேதான். அவரவர் ஊரில் ஒரு நாடகம் போட வேண்டும். ஆசிரியர் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தலையாட்டிவிட்டு ரயிலேறினேன்.

மூச்சுப் பாடம்

முதல் மாதம் முழுக்க வசனமே கிடையாது. கூடத்தில் மல்லாந்து படுத்து அடிவயிற்றிலிருந்து மூச்சு விட வேண்டும். மூச்சு வசப்பட்டால் குரல் தானாக வரும் என்பது எங்கள் ஆசிரியரின் கட்சி. அவர் சொன்னது சரி என்று இன்றைக்கும் மேடையேறிச் சம்பாதித்துச் சாப்பிடுகிற நான் சத்தியம் செய்வேன்.

சீடை டப்பாவோடு அப்பா என்னைப் பார்க்க வந்தது அந்த நேரத்தில்தான். சன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்கிறார். இளந்தாரிகள் எல்லாம் வரிசையாகத் தரையில் கிடக்கிறோம்; நடுவே ஆசிரியர் ஒவ்வொருவர் வயிற்றையும் குனிந்து பார்த்தபடி நடக்கிறார். சாப்பாட்டில் ஏதோ கலந்துவிட்டது என்று பதறிப்போய்விட்டார் மனிதர். நான் எழுந்து ஓடிப்போய் விளக்கியதும் டப்பாவை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்:

"மூச்சு விடப் படிக்கவாடா இம்புட்டுத் தூரம் வந்த? அதை நான் அம்பது வருசமா சும்மால்ல விட்டுக்கிட்டிருக்கேன்."

கூடலூர் ஜீப்

அடுத்தது கவனிப்புப் பாடம். லீவில் ஊருக்குப் போய் ஒரு ஆளை நாளெல்லாம் உற்றுப் பார்க்க வேண்டும். திரும்பி வந்து அந்த ஆளாகவே நடந்து, உட்கார்ந்து, பேசிக் காட்ட வேண்டும். நான் கூடலூரில் குமுளிக்கு ஜீப் ஓட்டும் ஒரு டிரைவரைப் பிடித்தேன். தமிழில் கூப்பிட்டு மலையாளத்தில் திட்டுகிற ஆள். நடிகனுக்குக் கிடைத்த விருந்து.

காலையிலிருந்து எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் கேள்விப்பட்ட ஆள் மாதிரியே அவர் இல்லை. ஜீப்பின் பின்னால் ஒருவரையும் தொங்கவிடவில்லை. கிழவிகளுக்குக் கை கொடுத்து ஏற்றினார். வாயில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. சாயங்காலம் அவரே வந்து, "சார் எந்த ஆபீஸு?" என்று பவ்வியமாகக் கேட்டபோதுதான் விசயம் புரிந்தது; என்னை வண்டி பிடிக்க வந்த அதிகாரி என்று நினைத்திருக்கிறார். ஆபீஸும் இல்லை ஒன்றும் இல்லை, நடிப்புப் படிக்கிற பையன் என்றேன். பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீ நடிக்கப் படிக்கிறவனா? காலையில இருந்து நடிச்சு நொந்து போய்க் கெடக்கிறது நானுல்ல."

மேகமலையில் மௌனம்

சொல்லாமல் விடுவதுதான் பாதி நடிப்பு என்பார் ஆசிரியர். இன்னொன்றும் சொல்வார்: மேடைக்கும் சனத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருப்பதாக நினைத்துக்கொள், என்ன நடந்தாலும் அவர்களைப் பார்க்காதே. இரண்டையும் பழக எங்கள் குழு மேகமலை தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடகம் போட்டது.

சின்னமனூரிலிருந்து லாரியில் குலுங்கிப்போன குலுக்கலில் பாதி வசனம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது என்பது வேறு. ஆனால் நான் பேச்சை நிறுத்தியது மறந்ததால் அல்ல. தம்பி செத்த சேதி கேட்டு அண்ணன் வாயடைத்து நிற்கிற இடம். கண்ணில் நீர் முட்ட, சுவரையே பார்த்தபடி நின்றேன். என் மௌனம் வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. முன்வரிசையில் இருந்த கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் பொறுக்கமாட்டாமல் மேடைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார்.

"மறந்துருச்சாய்யா? பதறாம நெனச்சுச் சொல்லு. எங்களுக்கும் இன்னைக்கு வேலை கெடையாது."

படுதா

எங்கள் பக்கம் நாடகம் என்றால் பங்குனி, சித்திரையில்தான். பல்கலைக்கழகத்துக்கு அதெல்லாம் தெரியாது. தேர்வு தள்ளித் தள்ளிப் போய் ஆடியில் வந்து விழுந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். நானோ பள்ளிக்கூட மைதானத்தில் கிணறும் தென்னந்தோப்பும் எழுதிய பெரிய படுதாவை மேடைக்குப் பின்னால் விறைப்பாகக் கட்டிவைத்தேன். கப்பலுக்குப் பாய் கட்டுவதும் அப்படித்தான்.

வயலுக்கு முறை வைத்துப் பாயும் தண்ணீருக்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி கதை. நான் அண்ணன். முன்வரிசையில் ஒரு பக்கம் ஆசிரியர், மறுபக்கம் அப்பா. மைக் காற்றில் ஊளையிட்டதால் அதை அணைக்கச் சொல்லிவிட்டு அடிவயிற்றிலிருந்து பேசினேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பஞ்சாயத்துக் காட்சி வந்தபோது படுதாவின் கயிறுகள் பட்பட்டென்று அறுந்தன. தென்னந்தோப்பு எங்கள் தலைக்கு மேல் எழும்பியது. கூட்டம் மொத்தமாக எழுந்தது.

பேரப்படி நான் தோற்றாயிற்று. ஆனால் எழுந்தவர்கள் வாசலுக்குப் போகவில்லை, மேடைக்கு ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் படுதாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள். நான் சுவரை மறந்தேன். அவர்களைத்தான் ஊர்ச்சனமாக வைத்து, முகத்துக்கு முகம் பார்த்து நியாயம் கேட்டேன். எங்கள் கடையில் மூட்டை இறக்கும் கருப்பையா அண்ணன் கயிற்றை விடாமல், "தம்பிக்கு விட்டுக் குடுப்பா, ஒரு நா தண்ணிதான?" என்றார். எழுதிய வசனத்தை விட அது நன்றாக இருந்தது. விட்டுக் கொடுத்தேன், நாடகம் முடிந்தது.

ஆசிரியர் கையைப் பிடித்துக் குலுக்கித் தேறிவிட்டாய் என்றார். எனக்கு அது ஏறவில்லை. முன்வரிசையில் அப்பா நாற்காலி காலியாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் படுதாவின் கடைசிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, தலையெல்லாம் புழுதியாக அவர் நிற்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எல்லாரும் எந்திரிச்சுட்டாகப்பா. காலையில கடைக்கு வந்துர்றேன்" என்றேன்.

அவர் கயிற்றை மெதுவாக அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "மொத ஆளா எந்திரிச்சது நான்தான்டா. கயித்தை விட்டா உன் நாடகம் நின்னுருமேன்னு ஓடியாந்தேன். கடைக்கு நான் வேற ஆள் பாத்துக்கிறேன்."

நடிப்பைப் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெயித்த பேரத்தை விட்டுக் கொடுத்த ஒரு வியாபாரி அவ்வளவு சந்தோசமாக வீட்டுக்கு நடந்துபோவதை எந்த மேடையிலும் என்னால் இன்னும் நடித்துக் காட்ட முடியவில்லை.