இடஞ்சுழி எஞ்சின்

கூப்பிய கைக்குள் வந்து அடங்கும் குமரனே, குறவர் மகளை நாடி நடந்த திருவடியே, நான் எழுதப் போகும் இச்சிறு செய்தியில் பொய் கலவாமல் காத்தருள்வாய்.

இன்று பங்குனி உத்திரம், நிறைமதி நாள். இந்நாளில் என் பிழை ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் எண்ணுவேன். பூசை முடியும், பாயசம் உண்போம், எண்ணமும் அத்தோடு கரைந்துபோகும். இவ்வாண்டு பூசைக்கு முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கோரமண்டல் என்னும் தங்கச் சுரங்க ஊரில் தொழிலாளருக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அண்டர்கிரவுண்டில் வேலை. ஷிப்ட் முடிந்து மேலே வந்து குளித்ததும் என்னை அருகில் இருத்தித் துதிப்பாடல்கள் சொல்லித் தருவார். சொல்லிக்கொண்டே வருபவர் பாதி வரியில் நின்றுவிடுவார். அவருக்கு வரி மறந்துவிட்டது என்று எண்ணி மீதியை நான் எடுத்துக் கொடுப்பேன். அவருக்குப் போதாமல் போனது மூச்சு. அதை அம்மா அறிவாள். தன் தம்பியும் ஷாப்ட் என்னும் அந்தச் சுரங்கக் குழியில் இறங்கக் கூடாது என்பதே அவளுடைய ஒரே வேண்டுதலாக இருந்தது.

அந்தத் தம்பிதான் என் மாமா. எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். லாரி ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, கேட்டும் பார்த்தும் எஞ்சின் வேலை கற்றிருந்தார். அங்கே மெக்கானிக் இடம் ஒன்று காலியாயிற்று. ஷெட்டுக்குப் போர்மேனாக இருந்தவரே எங்கள் முருகன் கோயில் திருவிழாவுக்கும் தலைவர். சாமியைத் தோளில் சுமப்போரில் பாதிப்பேர் ஷிப்டுக்குப் போய்விடுவதால், அவ்வாண்டு உற்சவரை லாரியில் எழுந்தருளச் செய்வது என்று முடிவாகியிருந்தது. ஷெட்டின் மூலையில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் லாரி ஒன்று பல வருடமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. "அத்த ஓட வச்சிக் காட்டு. மறுநாளே உன் பேர எழுதிக்கறேன். இல்லன்னா ஷாப்ட்லதான் ஆள் எடுக்கறாங்க, அங்க போ" என்று போர்மேன் மாமாவிடம் சொல்லியிருந்தார்.

என்னைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நான் பக்தியில் முதிர்ந்த குழந்தை. அதாவது, அக்கம்பக்கத்தார்க்குப் பெருந்தொல்லை. கோயிலில் யாராவது மறதியாக இடப்பக்கம் திரும்பிவிட்டால் கையைப் பிடித்து இழுத்து வலப்பக்கம் அனுப்புவேன். இடமாகச் சுற்றுவது சாவுச் சடங்குக்கு உரியது என்று அப்பா ஒருமுறை சொன்னதை நூறுமுறை பிறருக்குச் சொல்லியிருப்பேன்.

உத்திரத்தன்று காலையில் லாரியைக் கோயில் வாசலுக்கே ஓட்டிவந்து நிறுத்திவிட்டார் மாமா. எஞ்சின் ஒரே சீராக உறுமியது. அதை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து கடைசியாக ஒருமுறை துடைத்துக்கொண்டிருந்தார். நான் கோயிலுக்குச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தவள், எழுந்து போய்ப் பார்த்தேன். கறுப்புக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்தது போன்ற மூடியிலிருந்து ஆறு கம்பிகள் வட்டமாகப் புறப்பட்டு எஞ்சினுக்குள் சென்றன.

"இது இன்னா மாமா?"

"இதுதான் டைமிங்கு. உள்ள ஒண்ணு சுத்திக்கினே இருக்கும் பாப்பா. எந்த ஒயரத் தொடுதோ அந்த சிலிண்டர்ல நெருப்பு வுழும். முன்ன பின்ன வுழுந்தா வண்டி இருமும், ஒதைக்கும்."

"எந்தப் பக்கம் சுத்தும்?"

அவர் விரலால் மூடியின்மேல் வட்டம் போட்டுக் காட்டினார். அது இடப்பக்கமாகப் போயிற்று.

அவர் விரலைப் பிடித்து நிறுத்தினேன். "சாமி வண்டி இடமா சுத்தலாமா? மாத்துங்க."

மாமா சிரித்தார். "அத்த மாத்தணும்னா உள்ள நிக்கறாரே, அவராண்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, பானெட்டை மூடிக் குளிக்கப் போனார்.

வேடிக்கையாகச் சொன்னதை நான் உத்தரவாகக் கொண்டேன். சந்நிதியில் நின்று கேட்டேன். உற்சவரின் வலத்தோளிலிருந்து ஓர் அரளிப்பூ விழுந்தது. மாலை தளர்ந்திருந்தால் பூ விழத்தான் செய்யும். அந்த வயதில் எனக்கு அவ்வளவு எளிய காரணங்கள் போதுமானவையாக இல்லை.

உச்சிவேளை பூசைக்குப் பின் எல்லோரும் அன்னதானப் பந்தியில் இருந்தபோது லாரியின் முன்பம்பரில் ஏறி நின்று பானெட்டைத் தள்ளித் திறந்தேன். முன்னால் இருந்த முதல் கம்பியைத் தொடவில்லை. அதற்கு நேர் எதிரே இருந்ததையும் தொடவில்லை. இடப்பக்கத்து இரண்டு கம்பிகளையும் பிடுங்கி வலப்பக்கத்திலும், வலப்பக்கத்து இரண்டையும் இடப்பக்கத்திலும் செருகினேன். வட்டம் இப்போது வலமாக வரும் என்று நம்பினேன். இறங்கிப் போய் இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் கேட்டு வாங்கித் தின்றேன்.

நான்கு மணிக்கு வாழை கட்டிய லாரியில் உற்சவர் எழுந்தருளினார். மேளம் தொடங்கியது. போர்மேன் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். மாமா லாரியின் மூக்கில் ஹேண்டிலை நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் ஒருமுறை தும்மிற்று. பிறகு சைலன்சரில் வெடித்த வெடியில் வாழையிலைகள் ஆடின.

"வாணக்காரன் எதுக்கு? லாரியே வேட்டு வுடுது!" என்றது ஒரு குரல்.

மாமா பானெட்டைத் திறந்தார். முதல் பிளக்கைக் கழற்றித் துளையில் கட்டைவிரலை வைத்து, பக்கத்தில் நின்ற ஒருவரை ஹேண்டிலை மெல்லச் சுற்றச் சொன்னார். காற்று விரலைத் தள்ளிய வேளையில், உள்ளே சுற்றுவது முதல் கம்பிக்கு நேராகத்தான் நின்றது. பொறியும் சரியாக அவ்வேளையில் விழுந்தது. டைமிங்கில் குற்றமில்லை. ஆயினும் வண்டி இருமியது. மூடிக்குக் கீழிருந்த தண்டை ஒரு நூல் முன்னே திருப்பினார், வெடித்தது. ஒரு நூல் பின்னே திருப்பினார். கார்பரேட்டரில் தீ நாக்கு நீட்டியது. அவர் சோதித்தது முதல் கம்பியை. நான் தொடாமல் விட்டதும் அதையேதான்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மேளக்காரர் மேளத்தை இறக்கி வைத்து வெற்றிலை போட்டார்.

"சாமிக்கு மயிலே போதுமாம், லாரி வேணாங்குது" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். போர்மேன் சிரிக்கவில்லை.

"இன்னாடா, ஓடுமா ஓடாதா? ஆளுங்கள தோள் குடுக்கச் சொல்லட்டுமா?"

"ஒரு நிமிசங்க" என்று மாமா மறுபடியும் ஹேண்டிலைப் பிடித்தார். அது எதிர்ப்பக்கமாக உதைத்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "வேணாண்டா, கை பூடும். எழுந்து வா."

"இரு அக்கா" என்றார். வீங்கத் தொடங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையின் விரலை முதல் கம்பியில் வைத்து, வட்டத்தில் அடுத்தடுத்து நகர்த்திக்கொண்டே போனார். இரண்டாம் கம்பியில் விரல் நின்றது. அதன் கறுப்பு ரப்பரில் ஏதோ வெளுப்பாகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். சந்தனம்.

தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பூத்தட்டோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். சாமிக்கு நான் செய்த தொண்டைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் பெருமை. பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்தேன்.

அவர் தோள் துண்டை எடுத்து நான்கு கம்பிகளையும் அழுத்தித் துடைத்தார். பிறகு பிடுங்கி, பழையபடி மாற்றிச் செருகினார். ஒரே சுற்றில் எஞ்சின் உயிர்பெற்றது.

"இன்னாடா ஆச்சு?" என்றார் போர்மேன்.

"ஒயர மாத்தி மாட்டிட்டேங்க. என் தப்புதான்."

"காலைல ஓடிச்சேடா?"

"அப்பால ஒரு தபா கழட்டித் தொடச்சேங்க. மாட்டறப்ப கவனிக்கல."

"யாராவது கை வச்சாங்களா? சொல்லு."

"இல்லீங்க. என்னைத் தவிர யாரும் தொடல."

போர்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "டைமிங் தப்புனா மன்னிக்கலாம். ஒயர் மாட்டத் தெரியாதவன நான் எப்படிடா மெக்கானிக்னு எழுதறது? சாமிய ஏத்தி வச்சிக்கினு இத்தினி சனத்து முன்னால மானத்த வாங்கிட்ட." அவ்வளவுதான். லாரி புறப்பட்டது. ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மாமா வீட்டு வரிசைகளை ஒவ்வொன்றாக வலம் வந்தார். ஒரு திருப்பத்திலும் எஞ்சின் இருமவில்லை.

நான் மட்டும் மகிழவில்லை. என் திருத்தத்தை அவர் அழித்துவிட்டார் என்ற கோபத்தில் அவரோடு பேசாமலே இருந்தேன்.

கை ஆறிய பின் ஒரு காலையில், சோற்றுத் தூக்கோடு அவர் அப்பாவின் கூடவே புறப்பட்டார். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. நான் ஷாப்ட்டுக்குப் போகும் பாதை வரை உடன் நடந்து, நெஞ்சில் வைத்திருந்ததைக் கடைசியில் சொல்லிவிட்டேன்.

"சாமிய இடமா சுத்தற வண்டில ஏத்துனீங்க. அதான் உங்களுக்கு அந்த வேலை கெடைக்கல."

முன்னே நடந்த அப்பா சட்டென்று திரும்பினார். மாமா அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு என் முன் குந்தி உட்கார்ந்து, என் விரலைப் பிடித்து இடமாக வட்டம் போடச் செய்தார். வட்டம் நிற்காமலே கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"இப்ப அண்ணாந்து பாரு. எந்தப் பக்கம் சுத்துது?"

பார்த்தேன். என் விரல் வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மேல இருந்து பாக்கறவங்களுக்குத்தான் பாப்பா அது இடம். கீழ இருந்து பாத்தா வலம். நான் கீழதான போறேன்? நல்லாப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

எனக்கு வானமே கைக்கு வந்தது போல் இருந்தது. சாமிக்கு ஒரு குறையும் நேரவில்லை. இதை உடனே எல்லோருக்கும் சொல்ல வேண்டும். விரலைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டே வீட்டை நோக்கி ஓடினேன். வழியில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் இறங்குவோர் வரிசையில் மாமா சேர்ந்ததை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவ்வரிசையில் அவர் நின்றார். நான்கு கம்பிகளைப் பற்றி அவர் அம்மாவிடம் கடைசிவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா தம் தவற்றை உணர்ந்து என் கட்சிக்கு வந்துவிட்டார் என்பதே. பெரிய மனத்தோடு அவரை மன்னித்தும் விட்டேன்.

இதைப் படிக்கும் எல்லோர்க்கும் வீடு நிறைய விளக்கும், மார்பு நிறைய மூச்சும், தம் பிழையைத் தாமே சொல்லும் துணிவும் அந்த வேலவன் அருளால் உண்டாகுக.